உப்புத் தின்றவர்கள்

பாத்ரே ஒனோஃப்ரியோவின் இடுப்புக் கயிற்றில்
ஜெபமாலையோடு ஒரு சாவியும் தொங்கும்.
சாவி உப்புப் பெட்டிக்கு.
பெட்டி என் தலைக்கு.

எட்டு மழைக்காலம் சுமந்தேன்.
லுவாண்டாவை விட்டுக் கிளம்பி
யானைப்புல் ஆளை மறைக்கும் பாதையில்
அவர் வெறுங்காலோடு முன்னால்,
நான் பின்னால்,
காய்ச்சல் எங்கள் இருவருக்கும் நடுவில்.

மேசை, சாவி, பீப்பாய், பாதிரி
இதெல்லாம் ஒரே கப்பலில் வந்திறங்கிய சொற்கள்.
உப்பு மட்டும் எங்கள் சொல். முங்வா.
கிசாமாவில் பாறையாய் வெட்டுவார்கள்,
கட்டி ஒன்றுக்குக் கோழி ஒன்று,
பஞ்சத்தில் இரண்டு.

ஞானஸ்நானம் என்று சொல்ல
ஊரில் எவன் நாக்கும் வளையவில்லை.
"உப்புத் தின்னப் போகிறோம்" என்றே வந்தார்கள்.

ம்பம்பாவின் மலைச்சரிவில்
ஒரே நாளில் முந்நூறு பேர்.
குருவிக்கூட்டுக் குஞ்சுகள் மாதிரி திறந்த வாய்கள்.
ஒரு சிட்டிகை, ஒரு பெயர்.
முதல் வரிசை ஆண்கள் அத்தனை பேரும் பெத்ரோ,
அடுத்த வரிசை பவுலோ.
சாயங்காலம் பாத்ரேவின் கை தூக்க முடியாமல் போக
முழங்கையை நான்தான் தாங்கிப் பிடித்தேன்.

அங்கே ந்சோனா என்றொருத்தி.
காலையில் மரியா, உச்சியில் இசபெல்,
பொழுது சாய்கையில்
தலைத்துணியை மாற்றிக் கட்டி அந்தோனியா.
ஒவ்வொரு முறையும் மரத்தடிக்குப் போய்
வாயில் இருந்ததை இலையில் துப்பிச் சேர்த்தாள்.
மூன்றாம் முறை என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.
நான் காட்டிக்கொடுக்கவில்லை.
எது பரிசுத்தம், எது பற்றாக்குறை என்று
பிரித்துச் சொல்ல நான் படித்தவனில்லை.

நம்பினாயா என்று கேட்காதே.
நம்பினேன்.
சவுக்கடி பட்ட ஒருவன்
கடவுளாயிருக்க முடியும் என்பது
எங்களுக்குச் சின்னச் செய்தியா?
இப்போதும் அவன் பெயரைச் சொல்லித்தான்
விளக்கை அணைக்கிறேன்.

பிறகு லுவாண்டா துறையில் ஒரு ஞாயிறு.
கொட்டகையில் இருநூற்றுப் பதினேழு பேர்,
கழுத்துக்குக் கழுத்து சங்கிலி.
ஏலம் முடிந்துவிட்டது, விடிந்தால் கப்பல்.
ஆத்துமாவைக் கழுவாமல்
உடம்பை ஏற்றக் கூடாதென்பது சட்டம்.
பாத்ரே காய்ச்சலில் கிடந்தார்.
வந்தவர் வேறொருவர், அவசரக்காரர்.
தண்ணீரை அவர் தெளித்தார்,
உப்பை என்னையே வைக்கச் சொன்னார்.
துண்டுக் காகிதத்தில் ஆளுக்கொரு பெயர்.
வாசிக்கத் தெரியாத கைகள் அதை இறுக்கி மூடிக்கொண்டன.

நாற்பதாவது ஆளோ, நாற்பத்தோராவதோ,
வாயைத் திறக்கவில்லை.
"நான் முன்பே தின்றுவிட்டேன்" என்றான்.
"ம்பம்பாவில். பெட்டி தூக்கியவன் நீதானே?
என் பெண்டாட்டி மூன்று தரம் தின்றாளே."

என்ன சொல்கிறான் என்றார் அவசரக்காரர்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
உப்பிட்டவன் யாரை நினைக்க வேண்டும் என்று
எந்தப் பழமொழியும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"பயமாயிருக்கிறதாம்" என்றேன்.

உள்ளதைச் சொல்லியிருந்தால் சங்கிலி கழன்றிருக்குமா?
கழன்றிருக்காது.
அதனால்தான் சொல்லவில்லை
என்று சொல்லிக்கொள்கிறேன்.

பெலிசியானோ என்று எழுதினார்கள்.
முன்பு பெத்ரோ.
அதற்கும் முன்பு என்னவென்று
நான் கேட்கவில்லை.
அவன் என் கண்ணைப் பார்த்தபடியே
வாயைத் திறந்தான். வைத்தேன்.
நாக்கு வறண்டிருந்தது; உப்பு கரையவில்லை.

மீந்ததைப் பெட்டியில் கொட்டிப் பூட்டினேன்.
விரலைக் கழுவக் கடலுக்குப் போனேன்.
அங்கேயும் அதுதான்.