அரை மில்லிமீட்டர்

திருச்செங்கோட்டில் என் கிளினிக்
ரிக் வண்டி உதிரிபாகக் கடைக்கு மேலே.
கீழே பிட் தீட்டுகிற சத்தம் படியேறி வந்து
என் கருவிக்கு முன்பே
நோயாளிகளைப் பயமுறுத்திவிடும்.

அர்த்தநாரிக்கு அந்தப் பயமில்லை.
பதினெட்டு வருசமாய்
பாறையில் ஆயிரம் அடி இறக்குகிறவர்.
வைகாசித் தேருக்குச் சத்தீஸ்கரிலிருந்து வந்தவர்
இடது கடைவாயைத் திறந்து காட்டினார்.

ஆழமான சொத்தை.
சுரண்டச் சுரண்ட
ஊறின தோலாய் உரிந்து வந்தது.
அரை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கையில்
கையை நிறுத்தினேன்.
அதற்கு அந்தப்பக்கம் பற்கூழ்,
இருட்டில்,
இன்னும் எதுவும் தெரியாதது போல.

"ஏனுங்க, தண்ணி தட்டிருச்சுங்களா?"
மரத்த உதட்டோடு கேட்டார்.
தட்டக் கூடாது என்றேன்.
இங்கே தட்டினால் ரத்தம்.
"எங்களுக்கு மேல மண்ணு, கீழ பாறைங்க.
இது தலைகீழா இருக்குது.
அப்படின்னா அடியிலதான் கேசிங் எறக்கோணும்."

கல்லூரியில் பார்த்த கண்ணாடித் தகடுகள்
ஞாபகம் வந்தன.
வரிசை சீராக்கப் பிடுங்கவிருந்த
பள்ளிப் பிள்ளைகளின் நல்ல பற்கள்.
குழியிட்டு, பூசி, சில வாரம் வாயிலேயே விட்டு
பிறகு பிடுங்கிச் சீவி
சாயம் ஏற்றியவை.

எண் பதினான்கு: பூச்சில்லாமல் பிசின்.
கூழின் ஓரமெங்கும் ஊதாப் புள்ளிகள்,
சந்தை நாள் பஸ்ஸின் படிக்கட்டு மாதிரி.
எண் இருபத்திரண்டு: கிராம்பெண்ணெய்க் கலவை.
அமைதி.
ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காத அமைதி.
எண் முப்பத்தொன்று: சுண்ணாம்பு.
தொட்ட இடம் வெந்து கிடந்தது.
வெந்ததற்குக் கீழே
கூழ் தானே எழுப்பிய புதுச்சுவர்,
கோணலாய், நடுநடுவே பொந்துகளோடு.

தகட்டில் எண் உண்டு, பெயர் இல்லை.
'எது சிறந்தது' என்று தேர்வில் கேட்டார்கள்.
வலிக்காததை எழுதினேன்.
இரண்டு மதிப்பெண் போனது.

குண்டூசித் தலையளவு குழைத்தேன்.
"சுண்ணாம்பா? வெத்தலைக்குப் போடறதுங்களா?"
அதே சாதிதான், குளித்துவிட்டு வந்தது.
"நாக்கே வெந்து போகுமே அதுல."
அந்த எரிச்சல்தான் வேலை செய்யும் என்றேன்.
சொல்லும்போதே
அது பாதி உண்மை என்று தெரியும்.
சில கூழ் சுவர் கட்டும்.
சில கூழ் சத்தமில்லாமல் செத்துப் போகும்.
போன வருசம் ஒரு தறிக்காரர்
வலியே இல்லையென்று பூரித்து வந்தார்.
படத்தில் வேர் நுனியில் கறுப்பு வட்டம்.

ஏழாம் வாரம் ஜக்தல்பூரிலிருந்து போன்.
"ஐஸ் தண்ணி பட்டா சுருக்குங்குதுங்க."
எவ்வளவு நேரம்?
"சுருக்குன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள போயிருது."

நல்லது என்றேன்.

"வலிக்குதுங்கறேன், நல்லதுங்கறீங்களே!"
உயிரோடு இருக்கிறதென்று அர்த்தம்.
அந்தப்பக்கம் கம்ப்ரசர் இரைச்சல் மட்டும்.
உள்ளே சுவர் எழும்பியதா என்று
படம் எடுத்தால்தான் தெரியும்.
எடுத்தாலும்
மங்கலாய் ஒரு வெள்ளைக் கோடுதான் தெரியும்.
அடுத்த தேருக்கு வாங்க,
திறந்து பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன்.

"இருங்க டாக்டரம்மா,
இங்க தூசி நனைஞ்சு வருது"
வைத்துவிட்டார்.