மகாசங்கமத்தில் நான் இல்லை

ஏழு மணிக்கு நான் டாக்டர்.
ஏழரைக்கு, சோப்பு விளம்பரம் முடிந்ததும்,
பெண் பார்க்க வந்த கூட்டத்தில் மூன்றாவது அத்தை.
எட்டரைக்கு நீதிபதி.
"அடுத்த விசாரணை பதினெட்டாம் தேதி"
சுத்தியலால் தட்டுகிறேன்.
நம் ஊர்க் கோர்ட்டில் சுத்தியலே கிடையாது.
சொல்லிப் பார்த்தேன்.
சத்தம் வேணும் மேடம் என்றார் டைரக்டர்.

கோட் என் சொந்தக் கோட்.
சொந்தக் கோட்டுக்கு பேட்டாவில் நூறு ரூபாய் கூடுதல்.
காலர் மஞ்சளாகிவிட்டது, குளோஸப்பில் தெரியாது,
எனக்குக் குளோஸப் கிடையாது.
பெயர்ப்பட்டை மட்டும் மாறும்:
டாக்டர் வசுமதி, டாக்டர் எஸ்தர்,
ஒரு தடவை வெறும் டாக்டர் ம.
மீதி எழுத்து ஒட்டுவதற்குள் லைட் போய்விட்டது.

வளசரவாக்கத்து பங்களா ஒன்றுதான்.
கீழே மந்திரி வீடு, மேலே ஐசியூ.
திங்களன்று ஒருத்தி உருண்டு விழுந்த மாடிப்படியில்
புதனன்று இன்னொருத்தி
வலது காலை எடுத்து வைத்து ஏறுகிறாள்.
படிக்கு ஒன்றும் குழப்பமில்லை.

குழப்பம் ஆடியில் வந்தது.
'இரட்டைத்தாழ்' குடும்பமும்
'பூந்தொட்டி வீடு' குடும்பமும்
ஒரே கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள்,
வாரம் முழுக்க, ஒரு மணி நேரம், மகாசங்கமம்.
போரூரில் மண்டபம் பிடித்து
தெர்மோகோல் கோபுரம் நிறுத்தி
எல்லோரும் தயார்.
கன்டினியூட்டி பார்க்கும் ஜெபராஜ்
போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவன்
என் முன் நின்றான்.
"அக்கா, நீங்க ரெண்டு பேரு."

அங்கே நான் டாக்டர் வசுமதி,
பிரசவ இரவில் குழந்தையை மாற்றியவள்.
இங்கே நான் மங்களத்தத்தை,
நகையை எண்ணிப் பார்ப்பவள்.

டீ வந்தது. வேப்பமரத்தடியில் பேசினார்கள்,
நானும் கேட்கிற தூரத்தில்தான் இருந்தேன்.
இரட்டைப் பிறவின்னு வெச்சிடலாமா?
ரெட்டைச் சம்பளம் கேப்பாங்க.
டாக்டரைக் கொன்னுடலாமா?
சாவுக்கு ஒரு நாள் ஷூட்டிங் போகும்,
மாலை, பறை, அழுறதுக்கு எட்டுப் பேர்.
கடைசியில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்கு
ஒரு வரி கொடுத்தார்கள்:
"வசுமதி டாக்டர் சிங்கப்பூர் போயிட்டாங்களாமே."
அத்தைக்கு?
அத்தைக்குக் காய்ச்சல்.

நான் கோட்டை மடித்துப் பையில் வைத்தேன்.
சிங்கப்பூருக்கும் காய்ச்சலுக்கும் சேர்த்து
பாதி பேட்டா.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.
பக்கத்தில் கனகாம்பரக் கூடையோடு ஒருத்தி,
வளசரவாக்கம் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.
பிறகு முழங்கையால் இடித்தாள்.
"நீ வசுமதி டாக்டர்தானே?
இப்பவாவது சொல்லு.
அந்தப் புள்ள யாரு பெத்தது?"

நியாயமான கேள்வி.
இருநூற்றுப் பதினோராவது எபிசோடிலிருந்து
அவள் காத்திருக்கிறாள்.
எனக்குத் தந்த வசனம்
"இந்த உண்மை என்னோடயே போகட்டும்" என்பது மட்டும்.
எந்த உண்மை என்று தாளில் இல்லை.
அதை எழுதியவர் வேறு சேனலுக்குப் போய்விட்டார்,
புதியவர் பழைய எபிசோடு பார்ப்பதில்லை.

டிரைவர் பிரேக் போட்டார். கூடை என் மடிக்கு வந்தது.
நான் குனிந்து, சொந்தக் காதிலும் விழாதபடி,
அவள் காதில் ஒரு பெயரைச் சொன்னேன்.

"நெனச்சேன்" என்றாள்.
"அந்த மூக்கைப் பாத்தப்பவே நெனச்சேன்."

வடபழனியில் இறங்கினாள்.
டிக்கெட்டைக் கசக்கிப் போடாமல்
முந்தானையில் முடிந்துகொண்டு,
கூடையைத் தலைக்கு ஏற்றி,
தமிழ்நாட்டில் வேறு எவருக்கும் தெரியாத ஒன்றையும்
தூக்கிக்கொண்டு
சிக்னலைப் பார்க்காமல் கடந்தாள்.
ஆட்டோக்கள் நின்றன.

என் மடியில் நாலு கனகாம்பரம்.
எனக்கும் இப்போது தெரியும்,
யார் பிள்ளை என்று.
திங்கட்கிழமை கூப்பிட்டால் சொல்வேன்,
நர்ஸ் வேடம் என்றாலும் பரவாயில்லை,
கோட் வேண்டாம் என்றாலும்.