ஏழு வயதுக்கு மேல்

ஓவுலுவில் டிசம்பர் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
நூற்றெண்பது இருக்கைகளுக்கு நான் ஒருத்தி,
ஆறிப்போன காப்பி, மடியில் குறிப்பேடு.
எண்ணுவதுதான் என் உத்தியோகம்:
எத்தனை அடி, எத்தனை வசவு,
கத்தி திரையில் எத்தனை நொடி நிற்கிறது.

மூலப்படத்தை அப்பா வாடகைக் கேசட்டில் கொண்டுவந்தார்.
வேற்றுக்கிரக ஜந்துவின் முதுகில் ஜிப் தெரிந்தது.
தெரிந்தும் பயந்தேன்.
படம் முழுக்கச் செத்தது ஒரே ஒரு ஆள்,
கப்பலின் சமையல்காரர்.
சாவதற்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார்.
பாதி உரித்த உருளைக்கிழங்கு
அவர் கையை விட்டு விலகி
எடையில்லாமல் அறையைச் சுற்றி வந்தது,
யாரையோ தேடுவதுபோல.
அன்றைய அதிகாரிகள் அதற்குப் பதினாறு போட்டிருந்தார்கள்.
அப்பா அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

புதிய படத்தில் மூன்று நகரங்கள் விழுகின்றன.
மாவு சலித்த மாதிரி
மனிதர்கள் உதிர்கிறார்கள்.
துளி ரத்தமில்லை. அழ ஒருவருக்கும் நேரமில்லை.
சமையல்காரரும் இல்லை,
சாப்பாடு சுவரிலிருந்து வருகிறது.
'வன்முறை: மிதம். யதார்த்தத்துக்கு வெகு தூரம்.'
விதிப்படி ஏழு.
எழுதும்போது என் கை தயங்கவில்லை,
அதைச் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை குடும்பங்களுக்கு முன்காட்சி.
சைமியை அழைத்துப் போனேன்.
வயது ஏழு, இரண்டு மாதம்.
இந்த வாரம் அவள் என்னுடையவள்.
பனி அங்கியைக் கழற்ற மாட்டேன் என்றாள்,
உப்பு லைகோரைஸ் தின்று உதடெல்லாம் கருப்பு.

முதல் நகரம் விழுந்தபோது கொட்டாவி விட்டாள்.
இரண்டாவதற்கு,
படிக்கட்டு விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
(என் மகள்தான், சந்தேகமில்லை.)

பிறகு அந்தக் காட்சி.
கப்பல் தலைவி மகளின் இரவுடையை மடிக்கிறாள்.
ஒன்று இந்த அலமாரியில்,
ஒன்று அந்தப் பெட்டியில்.
'சீக்கிரம் வந்துவிடுவேன்.'
ஸ்ஸ் என்று கதவு மூடிக்கொள்கிறது.
அந்த நிமிடத்துக்கு நேராக
என் குறிப்பேட்டில் இருப்பது ஒரே சொல்: 'எதுவுமில்லை.'

இருட்டில் ஒரு கையுறை, பிசுபிசுப்போடு,
என் முழங்காலைத் தேடி வந்தது.
"அந்தக் கதவு திறக்குமா?"
"திறக்கும். கடைசியில்."
"கடைசின்னா எவ்வளவு நேரம்?"
"நாற்பது நிமிஷம்."
அடுப்பில் பால் வைத்தவள்போல்
அந்த நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தாள்.
விண்கலங்கள் மோதின, கடல் கொதித்தது,
அவள் எல்லாவற்றுக்கும் பின்னால்
கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே, தூங்கும் மகனைத் தோளில் போட்டபடி
ஒருவர் அலுத்துக்கொண்டார்:
"எங்கள் காலத்துப் படம் எப்படிப் பயமுறுத்தும்!
இதில் ஜந்து நிஜமாகவே இருக்கிறது,
அதுதான் கோளாறு."

இரவு படிவத்தைத் திறந்தேன்.
வன்முறைக்கு முஷ்டி, போதைக்கு ஊசி,
அச்சத்துக்கு ஒரு சிலந்தி.
கதவுக்குப் படம் இல்லை.
எட்டு ஆக்கலாமா? பன்னிரண்டு?
எந்த வயதில் அது திறந்தே இருக்கும்?
ஏழை ஏழாகவே விட்டேன்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இல்மாரி வந்தான்.
கீழே காரை அணைக்கவில்லை,
அந்தச் சத்தம் மாடிவரை கேட்டது.
பையில் ஒரு இரவுடை வைத்தேன்,
இன்னொன்று அலமாரியில்.
மடிக்கும்போதுதான்
என் கைகளை எங்கோ பார்த்த நினைவு வந்தது.

"நாற்பது நிமிஷமா?" என்று கேட்டாள்.
"ஏழு நாள்."
தலையாட்டினாள். கணக்கில் கெட்டி.

அவர்கள் படியிறங்கியும்
கதவு மூடிக்கொள்ளவில்லை.
குனிந்து பார்த்தேன்.
இடுக்கில் அவளுடைய பழைய பூட்ஸ், ஒற்றை,
நெட்டுக்குத்தாகச் செருகியிருந்தது.
மாடிப்படியின் குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.
நான் அதை எடுக்கவில்லை.