இறங்கும் கோடு

அதிகாலை இரண்டரை. ஃபெர்மின் வந்தான்,
சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி பிந்தி,
ஈரச் சாக்கில் ஒரு கணவாயோடு.
என் உயரத்தில் பாதி இருக்கும்.
விலை பேசவில்லை. அது புதிது.

தசைக்குள் பென்சில் முள் கனத்தில் ஒரு நரம்பு.
அறுத்தெடுத்து உருளையால் உருட்டினேன்.
உள்ளிருந்ததெல்லாம் பற்பசை போலப் பிதுங்கிற்று.
மிஞ்சியது வெறும் தோல்குழாய்.
பொட்டாசியம் கரைத்த நீரை அதில் நிரப்பிக்
கடல்நீரில் கிடத்தினேன்.

"செத்ததையா எழுப்பப் போகிறாய், ஒதிலியா?"
பேசாமல் திரையைப் பார்.

பச்சைக் கோடு. மின்சாரத்தால் லேசாய் ஒரு சீண்டல்.
விருட்டென்று ஏறியது.
சோடியம் உள்ளே பாய்கிறது என்றேன்.
ஏறுவதில் அவனுக்கு வியப்பில்லை;
வால்பரைசோக்காரன், எத்தனை அலை பார்த்திருப்பான்.
"இறக்குவது யார்?"

பொட்டாசியம். வெளியேற அதற்குத் தனிக் கதவுகள்.
கூச்சல் கேட்ட பிறகுதான் திறக்கும்,
கொஞ்சம் பிந்தி,
உன்னைப் போல.
அப்போதே திறந்தால் துடிப்பே எழாது.
திறக்காமலே விட்டால்

சொல்வதைவிடக் காட்டுவது சுலபம்.
குழாய்க்குள் ஒரு மருந்து செலுத்தினேன்.
பொட்டாசியக் கதவின் தொண்டையில் போய்
முள்ளாய் அடைத்துக்கொள்ளும்.
மறுபடி சீண்டினேன்.
கோடு ஏறியது.
ஏறிய இடத்திலேயே நின்றது,
நின்றது,
இறங்க வழி மறந்த பூனை மாதிரி.

ஃபெர்மின் தொப்பியைக் கழற்றினான்.
"க்ளோரிந்தா வால்டிவியாக்காரி.
நிலம் நடுங்கி நாலு வருஷம்.
இன்னமும் வாசல்நிலைக்கு அடியில்தான் படுக்கிறாள்.
பஸ் போனாலும் பிள்ளையை வாரித் தூக்குகிறாள்."

அது வேறு, இது ஒற்றை நரம்பு
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஒரு தலைக்குள் எத்தனை கோடிக் கதவோ,
எனக்கென்ன தெரியும்.
நான் நரம்பு உரிப்பவள்.
சனிக்கிழமை சம்பளம்.

மருந்தைக் கழுவினேன்.
கால்மணி நேரம் பிடித்தது.
கோடு ஏறி, இறங்கி,
பழைய தரைக்கும் கீழே ஒரு பள்ளத்தில்
சற்றுக் கிடந்தது.
அங்கே கிடக்கையில்
லேசாகத் தட்டினால் எழாது என்றேன்.
"இன்னொரு தரம்."
காட்டினேன்.
"இறங்குவதை மட்டும்."
அப்படித் தனியாக வராது, ஃபெர்மின்.

விடிகிறபோது நரம்பு அடங்கிவிட்டது,
எவ்வளவு சீண்டியும் கோடு அசையவில்லை.
மிச்சக் கணவாயை வெங்காயத்தோடு வதக்கினோம்.
கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் கடல்.
பாதியைக் காகிதத்தில் கட்டிக்கொண்டு
படி இறங்கினவன் திரும்பி வந்து
விலை கேட்டான்,
போன தடவையைவிட ஒரு எஸ்குடோ அதிகம்.