இருபது நிமிடம்

என்னிஸ் நகரம், வட்ட நீதிமன்றம்,
வியாழக்கிழமை, மழை,
நான்காவது வாய்தா.
எனக்கு முன்னால் நாய்க்கு உரிமம் வாங்காத ஒருவர்.
அவருக்குப் பிறகு என் பெயர்:
கோல்மன் ஹெஹிர், பால் பண்ணை,
வயது ஐம்பத்தொன்பது.

கீழ்க்கோர்ட்டில் பதினோரு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.
மேல்முறையீட்டில் எல்லாம் முதலிலிருந்து.
மறுபடி அந்த வளைவு,
மறுபடி அந்தக் கல்சுவர்,
மறுபடி என் வாயில் அந்தக் குழாய்.
ஏன் குடித்தேன் என்று எவரும் கேட்கவில்லை.
கேட்டால் சாவு வீடு என்று சொல்லியிருப்பேன்.
சாவுமில்லை, கல்யாணமுமில்லை,
வெறும் செவ்வாய்க்கிழமை.

ஊதிய எண் அறுபத்தொன்று.
என் வக்கீல் டெர்வ்லா அந்த எண்ணைத் தொடவேயில்லை.
எண் கிடக்கட்டும் என்றாள் போன வாரமே.
ஊதுவதற்கு முன் இருபது நிமிடம்
காவலர் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.
எதையும் விழுங்கவில்லை, கக்கவில்லை என்று
அவர் சத்தியம் செய்ய வேண்டும்.
பார்த்தாரா?

பார்த்தாள்.
பதினாலு நிமிடம் பார்த்தாள்.
சுவரில் கடிகாரம், கீழே நாற்காலி,
நாற்காலியில் நான் அழுதுகொண்டு.
கண்ணீர் சட்டத்துக்குக் கணக்கில்லையாம்,
அது வெளியே போவது.
அப்போதுதான் சொன்னேனாம்:
ஐந்து மணிக்குக் கறக்கணும்,
அறுபத்திரண்டு மாடு,
ஒண்ணு இன்னிக்கோ நாளைக்கோ ஈனும்.

எழுந்து வெளியே போனாள்.

பக்கத்துப் பண்ணை மலக்கியின் தொலைபேசிக் கணக்கில்
அது அப்படியே இருக்கிறது:
அதிகாலை நாலு முப்பத்தெட்டு,
காவல் நிலையத்திலிருந்து அழைப்பு,
மூன்று நிமிடம் பத்து நொடி.
மலக்கி ஸ்வெட்டரை உள்வெளியாக மாட்டிக்கொண்டு
என் கொட்டகைக்கு ஓடியிருக்கிறான்.
கன்றின் ஒரு கால் பின்னால் மடங்கிக் கிடந்ததாம்.
கையை விட்டு நிமிர்த்தி, கயிறு போட்டு இழுத்திருக்கிறான்.
தாயும் பிழைத்தது.

அந்த மூன்று நிமிடத்தைத்தான்
டெர்வ்லா பிளாஸ்டிக் உறையில் போட்டு
நீதிபதியிடம் நீட்டினாள்.

காவலர் டூஹி, அந்த நேரத்தில்
இவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?
இல்லை.
வேறு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?
மடியில் கிடந்த தொப்பியை ஒருமுறை திருப்பினாள்.
இவருடைய மாடுகளைப் பார்த்துக்கொள்ள
ஆள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீதிபதி எழுதினார்.
பேனா நின்றது.
பிறகு மீண்டும் எழுதினார்.

நான் கூண்டில் ஏறத் தேவைப்படவில்லை.
நாக்குக்கு அடியில் ஒரு வாக்கியம் கிடந்தது,
ஊதியது என் மூச்சுதான் என்று.
விழுங்கினேன்.
அதை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

மேல்முறையீடு ஏற்கப்பட்டது.
டெர்வ்லா என் கையைக் குலுக்கினாள்,
அவள் கை வறண்டிருந்தது, என் கை ஈரம்.
மலக்கி காரை எடுத்துவரப் போனான்,
போகிற போக்கில்
ஒரு பைன்ட் போடலாமா என்று
குடிக்கிற மாதிரி சைகை காட்டிவிட்டு.

வாசல் தூண்களுக்கு நடுவே
மழை விடட்டும் என்று அவளும் நின்றிருந்தாள்.
அவளுடைய சார்ஜென்ட் ஏதோ கடுமையாகச் சொல்லிவிட்டு
தனியாகப் போய்க்கொண்டிருந்தார்.
நான் நகர்ந்து நிற்க இடமில்லை.
நன்றி என்றால் எதற்கு நன்றி?
மன்னிப்பு என்றால் வக்கீல் வையும்.

கன்று? என்று கேட்டாள்,
மழையைப் பார்த்துக்கொண்டே.

கிடேரி என்றேன்.
இப்போ என் இடுப்பு உயரம்.

தலையாட்டினாள்,
தொப்பியை மாட்டிக்கொண்டு
மழைக்குள் இறங்கினாள்.