ஜூனில் திருத்திய வரைபடம்

மே மாதம் அளந்தபோது
பூப்பாறைக்கு மேலே அந்தச் சரிவு
வாயே திறக்கவில்லை.
லெவல் கருவியின் கண்ணில்
ஏலத்தட்டைகள், ஒரு கரும்பாறை, பதினொரு மரம்.
எண்களை எழுதிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மஸ்கட்டிலிருந்து குரியாக்கோஸ் கேட்டது:
மேற்கே முழுக்கக் கண்ணாடி,
படுத்தபடியே ஆனையிறங்கல் அணை தெரிய வேண்டும்,
பாறையை வெடித்துவிட்டால்
இரண்டு கார் நிற்கும்.

வரைந்தேன்.
கணினிக்குள் மழை பெய்வதில்லை.
நிழல்கூட நான் சொன்ன இடத்தில்தான் விழுந்தது.

ஜூன் ஒன்பது.
போடிமெட்டில் டீ குடிக்கும்போதே சட்டைக்குள் மேகம்.
சுண்ணாம்புக்கோடு போட வந்த இசக்கிராஜ்
டப்பாவை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு
"மேடம், உங்க பெட்ரூம்ல ஓடை ஓடுது" என்றார்.

ஓடியது.
கட்டில் போட்டிருந்த இடத்தில் கணுக்கால் ஆழம்.
அலமாரியைச் சுற்றி வளைந்து
கழிப்பறைக் கதவைத் தட்டாமல் நுழைந்து
கரும்பாறையின் இடுப்பில் மோதி
கீழே ஏலத்துக்குள் போய் மறைந்தது.
மேற்கே பிடித்த குடை பின்பக்கமாகப் பூத்தது.
அட்டை ஏறிய காலோடு
நனைந்த தாளை விரித்துப் பிடித்தோம்.
மை முதலில் கரைந்தது
அந்தக் கண்ணாடிச் சுவரில்தான்.

இப்போது வீடு இரண்டு துண்டு.
நடுவே தண்ணீர் போக ஏழடி,
அதன்மேல் இரும்புச் சட்டத்தில் ஒரு நடை.
சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்
மழையைக் கடந்துதான் போக வேண்டும்.
மேற்கில் கல்சுவர்,
முகத்துக்கு முன்னால் மடக்கிய முழங்கை மாதிரி.
பாறை பாதி உடம்பை
வரவேற்பறைக்குள் நீட்டியிருக்கும்.
வியர்க்கும், ஒரு துணி வைத்துக்கொள்ளவும் என்று
குறிப்பில் எழுதினேன்.
கார்கள் ரோட்டோரம் நிற்கட்டும்.

குரியாக்கோஸ் நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, "அப்போ அணை?"

தரையிலிருந்து ஒன்றரை அடியில் ஒரு ஜன்னல்,
உட்கார்ந்தால் தெரியும் என்றேன்.
கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்திருக்கிறேன்,
சீட்டியடிக்கிற நீலக்குருவி
அதற்குள் வானம் இருப்பதாக நம்பி
வந்து மோதிவிடக் கூடாது.
அந்தச் சாய்வுக்குத் தனிக் கூலி
என்பதைச் சொல்லவில்லை.

தண்ணீர் வராத மாதங்களில்
அந்த ஏழடியை என்ன செய்வது என்று
மெயிலில் கேட்டிருக்கிறார்.
ஊஞ்சல் போடலாமா, மூடிவிடலாமா.

பதில் இன்னும் அனுப்பவில்லை.
நேற்று இசக்கிராஜ் ஒரு படம் அனுப்பினார்.
ஓடை வற்றிய வண்டலில்
எங்கள் சுண்ணாம்புக்கோட்டை மிதித்துக்கொண்டு
தட்டுத் தட்டாகக் கால்தடங்கள்,
பெரியது ஒன்று, கூடவே குட்டி ஒன்று.

ஏழடி போதுமா என்று
மறுபடி அளக்க வேண்டும்.