நூற்றுப் பதினெட்டாம் அட்டை

ஔலு.
நம் அரிச்சுவடியில் ஔகாரத்துக்கு
எப்போதாவதுதான் வேலை கிடைக்கும்.
பின்லாந்தில் அது
ஓர் ஊரையே தூக்கிச் சுமக்கிறது.

ஜனவரி. காலை பத்து மணிக்கும்
வரலாமா வேண்டாமா என்று
வாசலில் நிற்கிறது வெளிச்சம்.
மூன்றாவது மாடியில் ஒன்பது பேர்
பனி வாரும் வண்டிகளுக்கு வழி சொல்லும்
மென்பொருள் செய்கிறார்கள்.

கிழக்குச் சுவரில் விர்ப்பியின் பலகை:
கேட்டது, சந்தேகம், சோதித்துப் பார், செய்யலாம்.
மேற்குச் சுவரில் யோர்மாவின் பலகை:
அடுத்து, கையில், சரிபார்ப்பு, முடிந்தது.
'கையில்' என்ற சொல்லுக்கு மேலே
சிவப்பு மையில் ஒரு மூன்று.
நாலாவது அட்டையை யாராவது ஏற்றிவிட்டால்
யோர்மா கத்தமாட்டார்.
நாற்காலியைத் திருப்பிப் போட்டு
அதையே பார்த்துக்கொண்டிருப்பார்,
அட்டை வெட்கப்பட்டு இறங்கும்வரை.

விர்ப்பியின் சுவரில் எண்ணே கிடையாது.
கேள்விக்கு என்ன கணக்கு என்பாள்.
மஞ்சள் தாள்மேல் மஞ்சள் தாள் ஏறி
ஹீட்டர் சூட்டில் பசை காய்ந்து
நள்ளிரவில் ஒவ்வொன்றாய் உதிரும்.
தரை துடைக்க வரும் மிர்யெத்தா
குனிந்து பொறுக்கி
இடம் இருக்கும் இடத்தில் ஒட்டிவிட்டுப் போவாள்.
மூன்று வாரம்
எது முதலில், எது பிறகு என்று
அவள்தான் முடிவு செய்தாள்.
யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நூற்றுப் பதினெட்டு:
'இந்தத் தெருவுக்குள் போக முடியாது' என்று
ஓட்டுநர் சொல்ல ஒரு பொத்தான்.
நவம்பரில் கேட்டது.
'செய்யலாம்' என்பதிலிருந்து 'அடுத்து' வரை
பதினோரு எட்டு, ஒரு கதவு, ஒரு காபி இயந்திரம்.
ஒன்பது வாரம் ஆயிற்று அந்தப் பதினோரு எட்டுக்கு.
கொடுத்துவிட்டேன் என்றாள் கொடுத்தவள்.
வரவேயில்லை என்றார் வாங்க வேண்டியவர்.
இரண்டும் உண்மை.

பிழை தேடும் தாய்மி
ஒரு திங்கட்கிழமை
நீல நாடாச் சுருளோடு நாற்காலிமேல் ஏறினாள்.
கிழக்குச் சுவரில் தொடங்கி
கதவு நிலைமேல் ஏறி
காபி இயந்திரத்தின் முன்னே தொய்ந்து
மேற்குச் சுவரில் போய் முடித்தாள்.
நடுவில் எழுதினாள்: இரண்டு.
மூன்றாவது அட்டை இதில் தொங்கினால்
இரண்டு சுவரும் வேலையை நிறுத்திவிட்டு
ஒரே மேசையில் உட்கார வேண்டும்.
காபிக்குக் குனிந்தவர்கள் நெற்றியில் எல்லாம்
நூற்றுப் பதினெட்டு இடித்தது.

எட்டு நாளில் பொத்தான் தயார்.
யோர்மாவே எடுத்துப்போய்
'முடிந்தது' கட்டத்தில் அழுத்தி ஒட்டினார்,
கட்டைவிரலால் இருமுறை.

விர்ப்பி அன்று கேக் சாப்பிடவில்லை.
மறுநாள் விடிகாலை மூன்று நாற்பதுக்கு
ராய்மோவின் வண்டியில் ஏறிக்கொண்டாள்.
சுழியத்துக்குக் கீழே இருபத்தேழு.
கையுறைக்குள் கரடிப் பாதம் மாதிரிக் கை.
திரையில் உளுந்தளவு பொத்தான்.
தெரு முழுக்கக் கார்கள்.
ராய்மோ திரையைப் பார்க்கக்கூட இல்லை.
ஹாரனை இரண்டு தரம் அடித்தார்.
பக்கத்துத் தெருவிலிருந்து பதிலுக்கு இரண்டு.
பின்னால் எடுத்தார் வண்டியை.

புருவத்தில் பனி உருகச் சொட்டச் சொட்ட
அவள் மேற்குச் சுவருக்கு வந்தாள்.
'முடிந்தது' கட்டத்திலிருந்து
அதுவரை எவரும் எதையும் உரித்ததில்லை.
சுண்ணாம்பு கொஞ்சம் கூடவே வந்தது.
பதினோரு எட்டு, நீல நாடாவுக்கு அடியில் தலை தாழ்த்தி,
'கேட்டது' கட்டத்தில் அதை ஒட்டி
கீழே எழுதினாள்: இரண்டு ஹாரன்.

யோர்மா நாற்காலியைத் திருப்பினார்.
வெகுநேரம் பார்த்தார், வெறும் கட்டத்தை.
பிறகு சிவப்புப் பேனாவோடு எழுந்து
வழக்கமில்லாமல் கிழக்கே நடந்து
எவ்வளவு, என்றார்.
ஐந்து, என்றாள் விர்ப்பி.
சற்று யோசித்து, நாலு.

அன்றிரவு மிர்யெத்தா வந்தபோது
தரையில் ஒரு தாள்கூட இல்லை.
துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு
இரண்டு சுவரையும் பார்த்தபடி
கொஞ்ச நேரம் நின்றாள்,
வேலை போனவள் போல.